'துன்னா'வும் 'தெனவா'வும்: ஒரு மார்பக அழற்சிக்கு விழுந்த நான்கு குறியீடுகள்

காப்புறுதி நிறுவனத்தின் கடிதத்தில் காரணம் ஒரே வரிதான்: மகப்பேற்றோடு தொடர்புடைய சிகிச்சைக்கு இந்தத் திட்டத்தில் கொடுப்பனவு கிடையாது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பதிவறை வாசலில் நின்ற அக்காவோடு அவருடைய இளைய மகனும் வந்திருந்தான், முதுகில் நர்சரிப் பையோடு.

"மிஸ், எனக்கு எங்கால மகப்பேறு? இவன்தான் கடைசி. இவனுக்கே மூண்டரை வயசு."

கடிதம் அனுப்பியவர்களில் பிழை இல்லை. நாங்கள் அனுப்பிய படிவத்தில் ஓ-91.1 என்ற நோய்க் குறியீடு இருந்தது. அந்தக் குறியீட்டைப் பார்க்கிற எவரும் அந்தப் பதிலைத்தான் எழுதுவார்கள். அதைப் போட்டவள் நான்.

கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் பதிவறையில் நோய்களுக்கு ஐசிடி (சர்வதேச நோய் வகைப்பாடு) குறியீடு போடுவது என் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வேலை பழக்கும்போது முதலில் எடுத்துக் காட்டுவது இந்தப் பைலைத்தான். அந்த அக்காவின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றி எழுதுகிறேன்.

நோய் வந்த வழி

வயது 34. வெள்ளவத்தையில் வீடு. இரண்டு பிள்ளைகள். இளையவனுக்குப் பால் மறப்பித்து ஒன்றரை வருடத்துக்கு மேல். இடது மார்பில் ஒரு பக்கமாகக் கல்லுப் போலத் தடித்து, மேல்தோல் சிவந்து, தொட்டால் நோகும் கட்டி. குடும்ப வைத்தியர் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் கொடுத்துப் பார்த்தார். சிவப்பு கொஞ்சம் குறைந்தது, தடிப்பு குறையவில்லை. ஸ்கேனில் விளிம்பு ஒழுங்கில்லாத ஒரு பகுதி, அதற்குள் சின்னச் சின்னச் சீழ்க்குழிகள், அக்குளில் வீங்கிய நிணநீர்க் கணு ஒன்று.

இந்தப் படத்தைப் பார்க்கும் எந்தச் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் இரண்டு எண்ணம் சேர்ந்தே வரும். ஒன்று சீழ்க்கட்டி. மற்றது புற்றுநோய். தோல் சிவந்து தடித்து, அழற்சி போலவே தோற்றம் காட்டும் மார்பகப் புற்றுநோய் ஒன்று உண்டு. அன்டிபயோட்டிக்குக் கேட்காத "மஸ்டைடிஸ்" (மார்பக அழற்சி) என்றால் அதை நினைக்காமல் விடக்கூடாது என்றுதான் மருத்துவ மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆகவே அவர் கிளினிக் குறிப்பில் எழுதியது: இடது மார்பில் கட்டி, சீழ்க்கட்டியா? புற்றுநோயா? இரண்டுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. கோர் பயொப்சிக்கு, அதாவது ஊசியால் திசுத்துண்டு எடுத்துச் சோதிப்பதற்கு, நாள் குறித்தார்.

அந்த இரண்டு கேள்விக்குறியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பைல் முழுக்கச் சிக்கலானது அவற்றால்தான்.

முதல் குறியீடு: சி-50.9

பயொப்சி பகல்நேர வார்டில் நடந்தது. காலையில் வந்து மத்தியானம் வீட்டுக்குப் போய்விட்டார். திசு ஆய்வுகூடத்துக்குப் போகும் கோரிக்கைப் படிவத்தில் இடம் இருப்பது ஒரு விரல் அகலம். அதில் எல்லாரும் சுருக்கித்தான் எழுதுவார்கள். கிளினிக் குறிப்பில் இருந்த இரண்டு கேள்வியில் ஒன்று அங்கே காணாமல்போய், "புற்றுநோயா?" என்பது மட்டும் மிஞ்சியது. பகல்நேர வார்டின் பைல்களை அன்றன்றே முடித்து பில்லிங்குக்கு அனுப்ப வேண்டும். என் சக ஊழியர் ஒருவர் அந்தப் படிவத்தைப் பார்த்து சி-50.9 போட்டார். மார்பகத்தின் புற்றுநோய், எந்தப் பகுதி என்று குறிப்பிடப்படாதது.

கேட்டவுடன் எவருக்கும் கோபம் வரும். கேள்விக்குறியைப் புற்றுநோயாக்கிவிட்டாரே என்று. ஆனால் அவர் விதியைத் தெரியாமல் செய்யவில்லை, விதிப்படிதான் செய்தார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 இன் இரண்டாம் தொகுதியில் நோயுற்றோர் குறியீட்டுக்கான விதிகள் இருக்கின்றன. சிகிச்சைக் கட்டம் முடிந்த பின்னும் பிரதான நோய் "சந்தேகம்" என்றே எழுதப்பட்டிருந்து, மேலதிகத் தகவல் எதுவும் இல்லையென்றால், அது உறுதியான நோய் போலவே குறியிடப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. வெளிநோயாளிக்கு அமெரிக்க விதி வேறு: சந்தேகத்தைக் குறியிடாதே, தெரிந்தது வரைக்கும் போடு. இணையத்தில் அமெரிக்கப் பாடம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், நல்லதுதான்.

அப்படியானால் பிழை எங்கே? "மேலதிகத் தகவல் எதுவும் இல்லையென்றால்" என்ற அந்தத் துண்டில். தகவல் இருந்தது. பைலில் நான்கு தாள் பின்னால், கிளினிக் குறிப்பில். அங்கே ஒரு அறிகுறியும், அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய இரண்டு நோயும் எழுதப்பட்டிருந்தன. அதற்கு வேறு விதி இருக்கிறது, எம்பி-5: ஒரு அறிகுறியை எழுதி, இதுவோ அதுவோ காரணமாக இருக்கலாம் என்று இரண்டு நோயைச் சொன்னால், அறிகுறியையே பிரதான நோயாக எடு. கட்டி, என்-63. அத்தோடு விட்டிருந்தால் போதும். பயொப்சி முடிவு வரும்வரை பைலைத் திறந்தே வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பில்லிங் பகுதிக்குக் காத்திருக்கும் பழக்கம் இல்லை.

சி-50.9 ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போனது. பத்துப் பன்னிரண்டு நாளில் அக்காவின் வீட்டுக்குத் தபாலில் ஒரு உறை வந்தது: பாரதூரமான நோய்களுக்கான மேலதிகக் கொடுப்பனவை விண்ணப்பிக்கும் படிவம். உதவி செய்யும் எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்கள். படிவத்தின் தலைப்பில் புற்றுநோய் என்ற சொல் இருந்தது. அதைப் பிரித்தவர் அக்கா இல்லை, அவருடைய அம்மா. புற்றுநோய் இல்லையென்று பயொப்சி முடிவு அதற்கு முதல்நாள்தான் அக்காவின் கைக்கு வந்திருந்தது. அம்மா நம்பவில்லை. "எனக்கு மறைக்கிறாய்" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாராம்.

இரண்டாம் குறியீடு: ஓ-91.1

இது என்னுடையது. பயொப்சிக்கு நான்கு நாள் கழித்து இரவில் காய்ச்சல், கட்டி உடைந்துவிடும் போல வீக்கம். அவசர சிகிச்சைப் பிரிவால் வந்து வார்டில் அனுமதி. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழ் எடுத்தார்கள். இரண்டு இரவு தங்கினார். வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டில் எழுதியிருந்தது: பால்கொடுக்கும் காலத்து மார்பகச் சீழ்க்கட்டி, இடது.

அதைப் பார்த்த உடனே என் கை ஓ-வுக்குப் போய்விட்டது. ஐசிடி-10 இன் 15ஆவது அத்தியாயம் கர்ப்பம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்திய காலம். அதன் குறியீடெல்லாம் ஓ என்ற எழுத்தில் தொடங்கும். ஓ-91 பிரசவத்தோடு தொடர்புடைய மார்பகத் தொற்று, அதில் .0 முலைக்காம்பு, .1 சீழ்க்கட்டி, .2 சீழ் இல்லாத மஸ்டைடிஸ். பிரசவத்துக்குப் பிந்திய காலம் 42 நாள்தானே, மூன்று வயதுப் பிள்ளையின் தாய்க்கு எப்படி ஓ வரும் என்று சிலர் கேட்பார்கள். ஓ-91 இன் கீழ் கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்திய காலம், பால்சுரக்கும் காலம் என்று மூன்றும் அடங்கும். நாள் கணக்கு இல்லை. பிள்ளை ஒரு வயதைத் தாண்டியும் தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த மார்பில் வருகிற சீழ்க்கட்டி ஓ-91.1 தான். ஆக, கார்டில் எழுதியிருந்தது உண்மையாக இருந்திருந்தால் நான் போட்டது சரி.

அது உண்மையில்லை. தாதியரின் அனுமதிக் குறிப்பில், அதே பி.எச்.டி.யின் இரண்டாம் பக்கத்தில், கடைசிப் பிள்ளை மூன்றரை வயது என்று இருந்தது. (பி.எச்.டி. என்றதும் கலாநிதிப் பட்டம் என்று எண்ண வேண்டாம். வார்டில் கட்டிலோடு இருக்கும் நோயாளியின் பதிவுக் கோப்பை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.) மூன்றரை வயதையும் "பால்கொடுக்கும் காலம்" என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், ஒரு போன் எடுத்துக் கேட்டிருப்பேன். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அன்றைக்கு மேசையில் இருபதுக்கு மேல் பைல்.

அந்தச் சொல் கார்டுக்கு எப்படி வந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது, பதிவறையில் அக்காவே சொன்னார். இரவு வார்டில் இருந்த டொக்டருக்குத் தமிழ் வராது. அக்காவுக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்கு வரும். "பபாட்ட கிரி தெனவத?", பிள்ளைக்குப் பால் கொடுக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டிருக்கிறார்.

"நான் 'துன்னா' எண்டுதான் மிஸ் சொன்னன். குடுத்தனான், இப்ப இல்லை எண்ட அர்த்தத்தில."

சிங்களத்தில் 'துன்னா' என்றால் கொடுத்தேன். 'தெனவா' என்றால் கொடுக்கிறேன். காய்ச்சலில் கிடக்கிற ஒருவரின் வாயிலிருந்து வந்த 'துன்னா', ராத்திரி இரண்டு மணிக்கு வார்ட் இரைச்சலில் 'தெனவா' ஆகியிருக்கிறது. அல்லது சரியாகவே கேட்டும், பால் கொடுத்த தாய்தானே என்று எழுதியிருக்கலாம். எதுவென்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. இறந்தகாலமா நிகழ்காலமா என்ற ஒரு கேள்வியில் நோய், சாதாரண மார்பக நோய்கள் இருக்கும் 14ஆவது அத்தியாயத்திலிருந்து 15ஆவது அத்தியாயத்துக்குத் தாவிவிட்டது. கொடுப்பனவு இல்லாமல் போனது.

திசு சொன்னது

பயொப்சி முடிவு கிளினிக் பைலுக்குத்தான் வரும், பதிவறைக்கு வராது. இது எங்களுக்கு மட்டுமான குறையென்று நினைக்கவில்லை. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வருகிற தாள்கள் எந்த வைத்தியசாலையிலும் அநாதைதான். நானே போய் எடுத்துப் பார்த்தேன். லொபியூல்களை (பால் சுரக்கும் சிறு மடல்களை) மையமாகக் கொண்ட கிரனுலோமாக்கள் (அழற்சிக் கலங்களின் சிறு முடிச்சுகள்), பல கருக்கள் உள்ள பெரிய கலங்கள், இடையிடையே நியூட்ரோபில் என்ற வெள்ளைக் கலங்களின் கூட்டங்கள், பாலாடைக்கட்டி போன்ற சிதைவு இல்லை, புற்றுக்கலங்கள் இல்லை. முடிவு: கிரனுலோமட்டஸ் மஸ்டைடிஸ்.

1972இல் கெஸ்லர், வொலொக் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். கையால் பார்த்தால் புற்றுநோய் போலத் தோன்றும், ஆனால் அது அல்ல என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். பெரும்பாலும் பிள்ளை பெற்ற, இன்னும் பெறக்கூடிய வயதுப் பெண்களுக்கு, பிரசவம் நடந்து சில வருடங்களுக்குள் வரும். காரணம் முழுதாகத் தெளிவாகவில்லை. கொரினிபக்டீரியம் என்ற கிருமி இனத்தோடு சிலரில் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் இழுக்கும், ஆறும், திரும்பியும் வரும். அவசரப்பட்டு வெட்டினால் காயம் ஆறாமல் சீழ் வழிந்துகொண்டிருக்கலாம் என்பதால் இப்போது பலருக்கும் ஸ்டெரொயிட் மாத்திரை, அல்லது பொறுமையாகக் கவனித்துக்கொண்டிருத்தல். அக்காவுக்கு ப்ரெட்னிசொலோன் தொடங்கினார்கள்.

"கிரனுலோமா" என்ற சொல் ரிப்போர்ட்டில் இருந்தால் நம் நாட்டில் அடுத்த கேள்வி காசநோய். குறியீடு போடுகிறவருக்கும் அது முக்கியம். மார்பகக் காசநோய் என்றால் குறியீடு ஏ-18.8, அது 14ஆவது அத்தியாயத்துக்கு வரவே வராது, தொற்றுநோய் அத்தியாயத்துக்குப் போகும். காசநோய் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயும்கூட, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். ஸ்டெரொயிட் காசநோயை மோசமாக்கலாம் என்பதால், அதைக் கொடுப்பதற்கு முன் காசநோய் இல்லையென்று பார்த்துக்கொள்வார்கள். இவருக்கு அமில எதிர்ப்புச் சாயத்தில் கிருமி தெரியவில்லை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் நெகட்டிவ். சீழ் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. வளர்ந்திருந்தால் கிருமியைக் காட்ட பி-95, பி-96 பகுதியிலிருந்து இரண்டாவது குறியீடு ஒன்று சேர்த்திருப்பேன்.

மூன்றாவதும் நான்காவதும்

பழைய இரண்டையும் ரத்துச்செய்து திருத்திய படிவம் அனுப்ப உட்கார்ந்தேன். எங்கள் மென்பொருளில் "கிரனுலோமட்டஸ்" என்று அடித்தால் அழகாக ஒரு பட்டியல் விழுந்தது: என்-61.20, .21, .22, .23. பக்கம் குறிப்பிடாதது, வலது, இடது, இரண்டும். இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் இடதை, என்-61.22ஐத் தெரிந்தெடுத்து அனுப்பினேன். மூன்று நாளில் திரும்பி வந்தது. அப்படி ஒரு குறியீடு இல்லையாம்.

அவர்கள் சொன்னது சரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. என்-61 என்ற தலைப்பு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10இல் பிரிவே இல்லாத ஒற்றைக் குறியீடு: மார்பகத்தின் அழற்சி நோய்கள். பிரசவத்தோடு சேராத சீழ்க்கட்டி, கார்பங்கிள், மஸ்டைடிஸ் எல்லாம் அதற்குள். பிரித்தது அமெரிக்கர்கள், தங்கள் சொந்தத் திருத்தப் பதிப்பில். 2016 ஒக்டோபரில் சீழ்க்கட்டி இல்லாதது என்-61.0, சீழ்க்கட்டி என்-61.1 என்று இரண்டாக்கினார்கள். 2020 ஒக்டோபரில் கிரனுலோமட்டஸுக்கு என்-61.2 வந்தது, பக்கத்தோடு. எங்கள் மென்பொருளுக்குள் யாரோ அந்தப் பதிப்பின் பட்டியலையும் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இலங்கையின் அரச வைத்தியசாலைகளிலிருந்து சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகும் உள்ளக நோயாளர் அறிக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பில்தான். தசம புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதைப் பார்த்தே ஒரு குறியீடு எந்த நாட்டுப் பிறப்பு என்று ஓரளவு சொல்லலாம். அதையாவது பார்த்திருக்கலாம்.

நான்காவதாக, வெறும் என்-61. அதுதான் சரி. சரியாக இருந்தும் எனக்கு அதில் திருப்தி இல்லை. சாதாரணச் சீழ்க்கட்டி ஒரு ஊசியோடு, ஒரு வாரத்து மாத்திரையோடு முடியும். இந்த நோய் ஒரு வருடத்துக்கும் இழுக்கும், ஸ்டெரொயிட் கேட்கும், அந்த ஸ்டெரொயிட் சர்க்கரையை ஏற்றும். இரண்டுக்கும் ஒரே எண். இலங்கையில் இந்த நோய் எத்தனை பெண்களுக்கு என்று யாராவது என்-61ஐ வைத்து எண்ணப் பார்த்தால் எண்ண முடியாது. பக்கத்துக் குறியீடுகளைத் தப்பித் தொடுவதும் எளிது: பால்நாளம் விரிந்து வருகிற அழற்சி என்-60.4, கொழுப்புத் திசு அழிவு என்-64.1. மூன்றும் கையில் கட்டியாகத்தான் தட்டுப்படும். திசு ரிப்போர்ட் இல்லாமல் அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது சீட்டுக் குலுக்கல்.

திருத்திய படிவத்தோடு சத்திரசிகிச்சை நிபுணரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினேன். டயக்னோசிஸ் கார்டை நாங்கள் திருத்த முடியாது. எழுதியவர்தான் திருத்த வேண்டும், பழைய வரி தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, திகதியும் கையொப்பமும் வைத்து. டொக்டர் கோபிப்பாரோ என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் கார்டை வாசித்துவிட்டு, "இதை என்னட்ட முதலே கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். கொடுப்பனவு ஆறு வாரத்தில் வந்தது. சி-50.9 மட்டும் அந்த நிறுவனத்தின் பழைய கோரிக்கைப் பட்டியலில் "ரத்து" என்ற சொல்லோடு இன்னும் கிடக்கிறது. அழிக்க வழி இல்லையாம்.

அதன் பிறகு பதிவறையில் இரண்டு விஷயம் மாற்றினோம். பயொப்சி எடுத்த பைல்களுக்கு மஞ்சள் ஒட்டுத்தாள், முடிவு கையில் வரும்வரை பில்லிங்குக்கு தற்காலிகம் என்று மட்டும் போகும். ஓ-வில் தொடங்கும் எந்தக் குறியீட்டுக்கும் முன்னால் கடைசிப் பிரசவத்தின் திகதியைத் தேடி பைலின் மேல் எழுத வேண்டும். முதலாவதுக்கு பில்லிங் பகுதி இன்றுவரை முகம் சுளிக்கிறது.

ஏழு மாதம் கழித்து

அக்கா திரும்பி வந்தார். இந்த முறை வலது மார்பு. சிலருக்கு மற்றப் பக்கமும் வரும். மறுபடி பயொப்சி, மறுபடி அதே முடிவு. குறியீடு என்-61. இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கோரிக்கை திரும்பி வந்தது. ஏற்கெனவே தீர்க்கப்பட்ட அதே நோய், இரட்டைக் கோரிக்கையாக இருக்கலாம், விளக்கம் தரவும். என்-61க்கு இடமும் தெரியாது, வலமும் தெரியாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் பக்கத்தைத் தனிக் குறியீடாகப் பின்னால் ஒட்டலாம். நாங்கள் இன்னும் பத்தில்தான் நிற்கிறோம்.

விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது அக்கா கதிரையை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த முறை நான் பக்கத்திலேயே இருக்கிறன் மிஸ். நீங்க எழுதுங்கோ."

நோயின் பெயர், இரண்டு பயொப்சியின் திகதிகள், இரண்டு ஆய்வுகூட இலக்கங்கள். முதல் வரியிலேயே "வலது" என்று அடித்து, அதைத் தடித்த எழுத்தாக்கினேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"கடைசிப் பிள்ளைக்கு நாலு வயசு எண்டும் போடுங்கோ."

போட்டேன்.